பார்கவிக்கு உடை வரைந்த பதினோரு பேர்

மூங்கிலேரி கிளை அஞ்சலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் நதியா கதவைச் சாத்திவிட்டு இன்னொரு முறை படித்தாள். மேலிடத்திலிருந்து வந்த ஓலையாக இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். கண்ணமங்கலத்திலிருந்து பஞ்சாட்சரம் என்கிற ஓவியர் எழுதியிருந்தார். 'கிலுகிலுப்பை' என்ற சிறுவர் மாத இதழில் 'பட்டாசு பார்கவி' படக்கதையை வரைகிறவர். உங்கள் ஊரில் எங்களுக்குப் பதினோரு வாசகர்கள் இருக்கிறார்கள், வேறெந்த ஊருக்கும் இந்தப் பெருமை கிடையாது, வரும் ஞாயிறன்று அவர்களை நேரில் பார்க்க வருகிறேன், ஊரில் எல்லாரையும் தெரிந்தவர் நீங்கள்தான் என்பதால் பதினோரு பேருக்கும் சேதி சொல்லி வையுங்கள் என்று குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. கீழே பதினோரு பெயர்களும் வரிசையாக.

சேதி சொல்லலாம்தான். கேட்டுக்கொள்ள அந்தப் பதினோரு பேரும் ஊரில் இருக்க வேண்டுமே. கன்னியம்மாள், ராஜாக்கண்ணு, கவியா, செல்லி என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒருவர்கூட மூங்கிலேரியில் பிறக்கவும் இல்லை, வாழவும் இல்லை. அத்தனை பேரும் நதியாவின் கைவேலை.

நதியாவுக்கு முப்பத்தேழு வயது. சொந்த ஊர் மலைக்குக் கீழே கலசப்பாக்கம். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில் அது முறிந்துபோய், தேர்வு எழுதி, இந்த மலைக் கிராமத்து அஞ்சலகப் பொறுப்புக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஊரிலேயே தங்க வேண்டும் என்பது விதி. இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முன்னறையில் ஆபீஸ், பின்னறையில் அவள். காலையில் ரங்கன் காவலூரிலிருந்து வண்டியில் தபால் பையைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, நின்ற வாக்கிலேயே திரும்பிப் போய்விடுவார். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்தினால் அதற்கப்புறம் அவளிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சாமை அறுத்தால் ஒரு படி கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே மட்டும் வர மாட்டார்கள், கவர்மெண்ட் ஆபீஸ் ஆயிற்றே. அவளும் யார் வீட்டுப் படியையும் மிதித்ததில்லை. யாராவது கூப்பிடட்டும் என்று இருந்தாள். கூப்பிடாமலே போகலாம் என்பது ஒன்பது வருஷத்தில் அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

பார்கவி அவளிடம் வந்து சேர்ந்ததும் தபால் பையில்தான். முன்பிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் கிலுகிலுப்பைக்குச் சந்தா கட்டிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் பெயருக்கு வந்த இதழ் கேட்பாரற்று மேசையில் கிடந்தது. ஒருநாள் புரட்டினாள். மொபெட்டில் பறந்து பறந்து திருடர்களைப் பிடிக்கிற பெண் பார்கவி. கதை சுமார்தான். கடைசிப் பக்கத்தில்தான் நதியாவின் கண் நின்றது. அங்கே பார்கவி பனியனும் அரைக்கால் சட்டையுமாக, ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி மூன்று உடைகள். வெட்டி எடுத்து அவள்மேல் வைத்து மாட்டலாம். தோளிலும் இடுப்பிலும் பின்பக்கம் மடித்துவிட வெள்ளைக் காதுகள். ஒவ்வொரு உடைக்குக் கீழேயும் வரைந்து அனுப்பிய வாசகரின் பெயர், ஊர். அடுத்த மாதக் கதையில் பார்கவி நிஜமாகவே அதில் ஒரு உடையைப் போட்டுக்கொண்டு வருவாளாம்.

சின்ன வயதில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் பொம்மை வெட்டி, ஜவுளிக்கடை விளம்பரத்தில் புடவை வெட்டி மாட்டி விளையாடாத பெண் யார். நதியா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை ஜன்னல் கண்ணாடியில் பார்கவியின் மேல் வைத்து, வெளிச்சத்தில் உருவத்தை நகலெடுத்து, அதன்மேல் உடையை வரைந்தாள். பார்ப்பதற்குத்தான் சுலபம். ஹெல்மெட் பிடித்த அந்தக் கை இருக்கிறதே, அது பெரிய தலைவலி. சட்டைக் கையை அதற்குமேல் ஒழுங்காக வரைந்தால் ஹெல்மெட் மறைந்துபோகும். ஹெல்மெட்டை விட்டு வரைந்தால் தோள்பட்டை பிதுங்கித் தெரியும். நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, ஹெல்மெட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு தாவணி முந்தானையைப் பறக்கவிட்டாள். தீர்ந்தது பிரச்சினை.

பெயர் போடுகிற இடத்தில்தான் கை நின்றது. மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள் பத்திரிகையில் பெயர் வரவேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. சரியா தவறா என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு காகித பொம்மையின் தாவணிக்காக விளக்கம் கேட்டு மெமோ வந்தால் என்ன ஆவது. 'கன்னியம்மாள், மூங்கிலேரி' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அச்சில் வந்தது. கன்னியம்மாளுக்கு இலவசப் பிரதியும் வந்தது. அதை வாங்கிக்கொள்ளவும் நதியாதான் இருந்தாள்.

ஒரு பெயர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரலாம் என்று இதழில் ஒரு விதி இருந்தது. கன்னியம்மாளை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கக் காத்திருக்க முடியுமா. அடுத்த மாதம் ராஜாக்கண்ணு வந்தான். அவன் மழைக்கோட்டும் பூட்ஸும் தவிர வேறொன்றும் வரைய மாட்டான், அதிலும் எங்கு பார்த்தாலும் பாக்கெட். கவியாவுக்கு எந்த உடையானாலும் இறக்கை வேண்டும். செல்லி ஒரு சிடுமூஞ்சி. உடையோடு கூட ஒரு கடிதமும் எழுதுவாள், எழுத்து இடப்பக்கமாகச் சாயும். 'போன மாதம் பார்கவி சரிகைப் பாவாடையோடு மதில் ஏறுகிறாள். நீங்கள் பாவாடை கட்டி ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்பாள். பஞ்சாட்சரம் அவளுக்கு மட்டும் மறக்காமல் பதில் போடுவார். இப்படியே இரண்டு வருஷத்தில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு கையெழுத்து, ஆளுக்கொரு ருசி. சாயங்காலத்தில் நதியா சாப்பிடும்போது இந்த உடையை ராஜாக்கண்ணு என்ன சொல்வான், கவியா ஏன் மூஞ்சியைத் தூக்குகிறாள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, சோறு இறங்கியது.

இப்போது அந்தப் பதினோரு பேரையும் பார்க்க ஒரு மனுஷன் பஸ் ஏறி வருகிறார்.

வர வேண்டாம் என்று எழுதினால் போய்ச் சேர்வதற்குள் ஞாயிறு வந்துவிடும். கடிதத்தில் போன் நம்பரும் இல்லை. புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊரில் நாலைந்து பேரைக் கெஞ்சிக் கேட்டு, அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கன்னியம்மாளாகவும் செல்லியாகவும் உட்காரச் சொன்னால் என்ன. மளிகைக்கடை சம்பூர்ணத்திடம் கேட்டுவிடுவது என்று போனாள். சம்பூர்ணம் எழுந்து நின்று, "இன்னா மேடம், எதுனா ஃபாரம் ரொப்பணுமா?" என்று கேட்டாள். அந்த மரியாதையே நதியாவைத் தடுத்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் ஒருவரிடமும் ஒரு உதவியும் கேட்டதில்லை. முதல் உதவியாக இதையா கேட்பது. தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பயம் வடிந்து அதற்கடியில் வேறொன்று தெரிந்தது. வரட்டுமே. உண்மையைச் சொல்லிவிட்டால்தான் என்ன. திட்டுவார், சிரிப்பார், எதுவோ செய்துவிட்டுப் போகட்டும். அந்தத் தாவணியை வரைந்தது என் கை, அந்த மழைக்கோட்டும் என் கை என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அப்படிச் சொல்லக் கிடைக்கிற ஒரே ஆள் அவர்தான். சனிக்கிழமை அறையை அலசிவிட்டு, பழைய தாள்களையெல்லாம் சாட்சிக்கு எடுத்து அடுக்கி வைத்தாள். ஞாயிறு காலை மயில்கழுத்து நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, விடுமுறை நாளில் ஆபீஸ் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள்.

பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பெரிய ரெக்சின் பை. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார், அதிகாலையிலேயே கிளம்பியிருக்கிறார். உள்ளே வந்ததும் அவர் கண் அறையைச் சுற்றியது. எல்லாரும் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். முதலில் டீ குடியுங்கள் என்று உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டும்போதே ஆரம்பித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்று வாய் திறந்தும் விட்டாள்.

"நானும் ஒண்ணு சொல்லத்தாங்க வந்தேன்" என்றார் அவர். அவங்களெல்லாம் வருவதற்குள் உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்று டம்ளரைக் கீழே வைத்தார். கிலுகிலுப்பை இந்த மாதத்தோடு நிற்கிறது. அச்சுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, வாங்குவாரும் இல்லை. பதினோரு பேருக்கு இதைக் கடிதத்தில் எழுத மனசு வரவில்லை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வந்திருக்கிறார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் கீது. பொய் சொல்லக் கூடாதுங்க. அந்தக் கடைசிப் பக்கத்துல மத்த பேருங்கல்லாம் நானா எழுதுனது. செங்கம், போளூரு, ஆரணின்னு வாய்க்கு வந்த ஊரப் போட்டுடுவேன். ரெண்டு வருசமா வேற யாருமே வரைஞ்சு அனுப்பலைங்க. உங்க ஊரு ஆளுங்க மட்டுந்தான் நெசம்."

நதியா மேசைமேல் அடுக்கி வைத்திருந்த தாள்களின்மேல் மெதுவாகப் பதிவேட்டை எடுத்து வைத்தாள்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் இருக்கிறான், தூரத்தில். இரண்டு வருஷம் முன்பே இதழாசிரியர் பார்கவியை நிறுத்திவிடலாம் என்றார். இவர் கன்னியம்மாளின் தாவணியைக் கொண்டுபோய்க் காட்டினார். ராஜாக்கண்ணுவின் மழைக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மழை பெய்கிற கதை ஒன்றே எழுதினார். "காலைல எழுந்திருச்சா இன்னாத்துக்கு எழுந்தோம்னு இருக்கும். மாசம் பொறந்தா மூங்கிலேரிக் கவரு வரும். மலைமேல பதினோரு பேரு நம்ம பொண்ணுக்குத் துணி வரைஞ்சிக்கினு கீறாங்களேன்னு எழுந்து ஒக்காருவேங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

சொல்லிவிடலாம். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். பதினோரு பேரில்லை, ஒருத்திதான், அது நான்தான் என்று நாலு வார்த்தை. அவர் அதிர்ந்துபோனாலும் பிறகு தேறிவிடக்கூடும். ஆனால் அவர் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பதினோரு பேர் வரப்போகிற வாசல் அது. தன் பொய்யை அவர் கொட்டிவிட்டு லேசாகிவிட்டார். தானும் தன் பொய்யைக் கொட்டினால் அவர் கையில் என்ன மிஞ்சும் என்று நதியா யோசித்தாள். ஒன்றும் மிஞ்சாது.

"எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்ட்டாங்கங்க" என்றாள். கலசப்பாக்கத்தில் கல்யாணம், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், முந்தாநாளே வேன் வைத்துப் போய்விட்டார்கள், உங்களுக்குச் சொல்ல வழியில்லை என்று பொய் தானாக நீண்டது. அவர் முகம் விழுந்தது. ஆனால் சந்தேகப்படவில்லை. கல்யாணம் என்றால் போகத்தானே வேண்டும் என்று அவரே சமாதானம் சொன்னார். செல்லியின் வீட்டையாவது பார்க்கலாமா என்று கேட்டார். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களின் வீடு ஒன்று பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. நதியா அதைக் காட்டினாள். அவர் பூட்டின் முன்னால் போய் நின்று, "இந்த வூட்லேர்ந்துதான் என்னை அந்தத் திட்டு திட்டுவாங்களா" என்றார், சந்தோஷமாக.

திரும்பி வந்து பையைத் திறந்தார். பதினோரு உறைகள். ஒவ்வொன்றிலும் தடித்த அட்டையில் கையால் வரைந்து வெட்டிய ஒரு பார்கவி, அவரவர் ருசிக்கேற்ற உடையோடு. ராஜாக்கண்ணுவின் பார்கவிக்கு மழைக்கோட்டில் ஒன்பது பாக்கெட் வைத்திருப்பதாகவும், கவியாவுக்கு இறக்கை மடங்குகிற மாதிரி செய்திருப்பதாகவும் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். எல்லாருக்கும் தவறாமல் கொடுத்துவிட வேண்டும் என்றார். கொடுத்துவிடுகிறேன் என்றாள். கடைசி உறையை வைத்த பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இவ்வளவு செய்கிற உங்களுக்கு ஒன்று கொண்டுவரத் தோன்றவில்லையே என்று தவித்தார்.

"நீங்க வரைவீங்களாங்க?"

"எனக்கு வராதுங்க" என்றாள் நதியா.

இரண்டு மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தாள். மயில்கழுத்துப் புடவையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் மேசையடியில் உட்கார்ந்தாள். பதினோரு பார்கவிகளையும் எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை அழகாக இருந்தது வேலைப்பாடு. யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து 'ஐயோ, இந்தப் பாக்கெட்டைப் பாரேன்' என்று சொன்னால் போதும் என்று இருந்தது. சொல்ல யாரும் இல்லை. அவளாகச் சொல்லிப் பார்த்தாள், குரல் நன்றாக இல்லை.

இனி மாதம் பிறந்தால் வரைவதற்கு ஒன்றும் இல்லை. திங்கள், செவ்வாய் என்று நாட்கள் நகர்ந்தன. ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். சாப்பிடும்போது ராஜாக்கண்ணு வரவில்லை, கவியாவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொய்யாகக் கல்யாணத்துக்கு அனுப்பியவர்கள் நிஜமாகவே போய்விட்டதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை ரங்கன் போட்டுவிட்டுப் போன பையில் செல்லிக்கு ஒரு கடிதம் இருந்தது. அந்தக் குண்டு குண்டான எழுத்து. நதியா ஜன்னல் நேரம் முடிகிறவரை பொறுத்திருந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தாள். கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று விசாரித்திருந்தார். இதழ் நின்றால் என்ன, நீங்கள் திட்டுவதை நிறுத்திவிட வேண்டாம், என் வீட்டு விலாசம் கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் ஒரு பத்தி இருந்தது.

'உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். உங்கள் ஊர்ப் போஸ்டாபீஸ் அம்மா அன்றைக்கு எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வீட்டுக்கு யாரும் வந்துபோவதாகத் தெரியவில்லை. எனக்கு அது பார்த்தவுடன் தெரியும், என் வீடும் அப்படித்தான். நீங்கள் அடுத்த வீட்டிலேயே இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்களேன்.'

நதியா அழுதாள். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள் என்றே சொல்ல வேண்டும். தன்னை ஒருவர் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு இல்லாத ஒருத்தியைத் துணைக்கு அனுப்புகிறார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தும் நிற்கவில்லை.

இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தை இடப்பக்கமாகச் சாய்த்து, செல்லியின் பதிலை எழுத ஆரம்பித்தாள்.

'ஐயா, நீங்க சொன்னீங்கன்னு போகல. எனக்கே தோணித்தான் போனேன். டீ பரவாயில்லை, சர்க்கரை கம்மி. ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தோம். அந்தம்மா பேரு நதியா. உங்களுக்கு அதைக்கூடக் கேட்கத் தோணலையே. மேசையில பதிவேட்டுக்கு அடியில ஒரு கட்டுத் தாளு இருந்துச்சு, நான் இழுத்துப் பார்த்துட்டேன். அவங்க வரையறாங்க. நல்லா வரையறாங்க. அடுத்த தடவ வந்தா நீங்களே கேளுங்க. வராதுன்னுதான் சொல்லுவாங்க, நம்பாதீங்க.'